தலையணைக்கு வந்த வயிற்றுக் கோளாறு

தியாகராய நகரில் ஆடித் தள்ளுபடிக்குக்கூட இப்படிக் கூட்டம் நின்றதில்லை. துணிக்கடை மாடியில் குடலொலி மகான் நல்லசிவம் கடை விரித்திருந்தார். நம் வயிற்றில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்வது அறிவியல். அவை மகானிடம் தமிழில் பேசுவது மகிமை. இரண்டையும் கலந்து விற்றால் வியாபாரம்.

ரப்பர் குழாயின் ஒரு முனையில் பித்தளைப் புனல், மறுமுனையில் ஒலிபெருக்கிப் பெட்டி. புனலை வயிற்றில் வைத்தால் பெட்டி கொடகொட என்னும். மகான் கண்ணை மூடி, "வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்லுது" என்று ஆரம்பிப்பார். எந்த நாடு என்று யாரும் கேட்டதில்லை.

"எங்காத்துக்காரர் வயித்துல கத்திரிக்காய்க் கிருமின்னு இவர்தான் கண்டுபிடிச்சார்" என்றாள் வரிசையில் நின்ற மயிலாப்பூர் மாமி.

"எனக்கு டென்ஷன் கிருமி" என்றார் வேளச்சேரி கம்ப்யூட்டர்காரர், பெருமையாக.

பாண்டி பஜார் கடைகளுக்குத் தலையணை தைக்கும் குல்சுமும் போன மாதம் இதே வரிசையில் நின்றவள்தான். மகள் ஜுவேரியா சாப்பாட்டை அறவே விட்டிருந்தாள். குச்சியாகிப்போன கையைக் கண்ணாடியில் பார்த்து, "இன்னும் குண்டா கீறேன்மா" என்பாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சோஃபியா தெளிவாகத்தான் சொன்னார்: "இது மனசையும் பிடிச்ச நோய். கிருமி ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு, அது முடியறவரைக்கும் பொண்ணு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு, கூடவே பேசிப் பார்க்கிற வைத்தியம். கூட்டிட்டு வாங்க." ஜுவேரியா வரமாட்டேன் என்றுவிட்டாள்.

மகானோ மகளின் வயிற்றில் புனலை வைத்துக் கேட்டு, "பட்டினி போடு, செத்துப்போகும்" என்றார். கிருமியா, பெண்ணா என்று விளக்கவில்லை.

அதைக் கேட்டு மகளின் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பில்தான் குல்சுமுக்குச் சந்தேகம் தட்டியது. நேற்று மாம்பலம் ஸ்டேஷன் படியில் ஜுவேரியா மயங்கி விழுந்தாள். கண் திறந்ததும், "கிருமி சாவுதும்மா" என்றாள்.

இன்று இருவரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். குல்சுமின் புர்கா வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது.

"உப்பிக்கினு கீது சாமி. இன்னான்னு கேட்டுச் சொல்லு."

புனல் பதிந்தது. பெட்டி கொடகொடத்தது.

"அடடா, ஒரே கூச்சல். நேத்து மட்டன் பிரியாணி."

"துன்னலியே சாமி."

"நீ மறைக்கலாம், குடல் மறைக்காது. பட்டினி கிட."

குல்சும் திரும்பி நின்று புர்காவுக்குள் கையை விட்டாள். உருவி மேசைமேல் போட்டது புத்தம்புது இலவம்பஞ்சுத் தலையணை.

"இதான் சாமி உள்ள இருந்துச்சு. பிரியாணி எப்போ துன்னுச்சின்னு நீயே கேளு."

மகான் தலையணையையே பார்த்தார். அந்தத் திகைப்பில் மிதித்திருந்த காலை எடுக்க மறந்தார். புனல் காற்றில் தொங்க, பெட்டி மட்டும் விடாமல் கொடகொடத்தது. கம்ப்யூட்டர்காரர் குனிந்து தரை விரிப்பைத் தூக்கினார். மகானின் கட்டைவிரலுக்கடியில் ஒரு சுவிட்ச்.

"அப்போ என் டென்ஷன்?"

"இவர் கால்லதான் இருந்திருக்கு" என்றாள் மாமி. "பாவம், எங்காத்துக்காரர் அன்னிலேர்ந்து கத்திரிக்காயே தொடலை."

எல்லோரும் சிரித்தார்கள். ஜுவேரியா சிரிக்கவில்லை. புனலை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். மகான் அதற்குள் பின்படியில் இறங்கியிருந்தார். பெட்டி மூச்சுவிடவில்லை.

"ஆஸ்பத்திரில துன்னச் சொல்வாங்களாம்மா?"

"சொல்வாங்க."

"பயமா கீது."

"எனக்கும்தான். வா."

மகான் வேறு பேட்டையில் வேறு புனல் வைப்பார். அங்கேயும் வரிசை நிற்கும். வயிற்றில் கட்டிய பஞ்சை ஒரு நொடியில் உருவிப் போட்டுவிடலாம். கழுத்துக்கு மேலே அடைத்துக்கொண்ட பஞ்சை உருவ எந்த மகானும் வரமாட்டான், அவரவர்தான் உள்ளே கையை விட வேண்டும்.