கப்பலுக்குச் செருப்பு வேணும் மாப்ள

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதியது

சிறுமலையில் வாழைத்தோட்டம் வைத்துச் சீரோடு வாழ்ந்துவரும் என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும் எனது அன்புக்குரிய மாப்பிள்ளையுமான கிளெமென்ட்டுக்கு, மச்சான் சிலுவைமுத்து ஆசீரோடு எழுதிக்கொண்டது. இங்கே இறைவன் அருளால் அனைவரும் நலம். அனைவரும் என்று எழுதுவது மரபு கருதி. என் இடுப்பும் உன் அக்காள் வியாகுலம்மாளின் பாதமும் நலமாக இல்லை. அங்கே நீயும், உன் துணைவி தங்கச்சி மரியசெல்வியும், வாழையும், மிளகும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வாட்சப்பில் அனுப்பினால் டிக் ரெண்டும் நீலமாகிறது, அதற்குமேல் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே பழைய முறைப்படி தாளும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

விஷயம் கப்பல். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருசம் ஆகப்போகிறதென்று மகள் ஐரினும் மருமகனும் சேர்ந்து, "அப்பா, உங்களைக் கப்பல்ல அனுப்புறோம், எந்தக் கப்பல்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர்டு ஆனவன் நான். வண்டி உறுமுறதை வைத்தே எந்த ரூட், எந்த டிரைவர், அவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்று சொன்னவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கப்பலில் ஏறுவேனா? பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் இஷாக் பாயிடம் போய் மூணு கப்பலுடைய விவரமும் வாங்கிவந்து ராப்பகலாக ஆராய்ந்துவிட்டேன். ஒன்று சென்னையில் கிளம்புவது, ஒன்று சிங்கப்பூரில் கிளம்புவது, இன்னொன்று வெள்ளைக்காரத் தேசத்துக்கே போய் ஏற வேண்டியது. மூணுமே நல்ல கப்பல்தான். ஆனால் மூணிலும் உன் அக்காவை ஏற்றுவதற்குத் தடை ஒண்ணே ஒண்ணு. அது நீ. எப்படின்னு சொல்றேன், அதுக்குள்ள கிழிச்சுப் போட்றாத.

மொதல்ல ரூம். கப்பல்ல அதுக்குக் கேபின்னு பேரு. மலிவானது உள்பக்கம் இருக்கும், ஜன்னலே கிடையாது, விடிஞ்சுதா இருட்டுச்சான்னு கடிகாரத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அதுக்கு மேல வட்டக் கண்ணாடி வச்சது, அதுக்கும் மேல பால்கனி வச்சது. சிங்கப்பூர்க் கப்பல்ல உள்பக்க ரூம் எம்புட்டுப் பெருசுன்னு பாய் சொன்னாரா, எனக்கு மனசுல பிடிபடலை. உடனே சாக்பீஸை எடுத்து நம்ம வீட்டு ஹால்லயே அந்த அளவுக்குக் கோடு போட்டு, கட்டில் இங்க, கக்கூஸ் அங்கன்னு வரைஞ்சுட்டு, ரெண்டு பேரும் படுத்தாப் புரள எடம் இருக்கான்னு பாக்கணும்ல, உன் அக்காவைக் கட்டில் கோட்டுக்குள்ள படுக்கச் சொல்லி அவளைச் சுத்தியும் ஒரு கோடு போட்டேன். "உங்களுக்குப் பைத்தியம் முத்திப்போச்சு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுக் குளிக்கப் போய்ட்டா. அன்னைக்கு நம்ம வீட்டுல, தெருக்காரங்க கூடிச் செபம் பண்ற அன்பியக் கூட்டம்னு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு. நான் டீத்தூள் வாங்கிட்டு வந்து பாத்தா, ஹால்ல தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் அந்தக் கோட்டைச் சுத்தி முழங்கால்ல நிக்கிறாங்க. போலீஸ்காரங்கதான் வரைஞ்சுட்டுப் போயிருக்காங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. "நல்ல மனுசி, இப்படியா சாவு வரணும்"னு ஒரு குரல். "அந்தாளு டார்ச்சர்தான் காரணம்"னு இன்னொரு குரல். மரித்தோருக்கான செபம் பாதி ஓடிட்டிருக்கும்போது உன் அக்கா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, "எல்லாரும் டீ சாப்டுறீங்களா?"ன்னு உள்ள இருந்து வாரா. ஒரு அம்மாவுக்கு மயக்கமே வந்துருச்சு. அதனால உள்பக்க ரூம் வேண்டாம்னு முடிவு.

சாப்பாட்டுக்கு வாரேன். சென்னைக் கப்பல்ல இட்லி, சாம்பார் எல்லாம் உண்டு, ஆனா குடிக்கிற ஜூசுக்குத் தனியாத் தீட்டிருவான். சிங்கப்பூர்க் கப்பல்ல எந்நேரமும் தட்டை எடுத்துக்கிட்டு நீயே போய் அள்ளிக்கலாம், கேக்க ஆள் கிடையாது. வெள்ளைக்காரக் கப்பல்ல உக்காந்தா ஒவ்வொண்ணாக் கொண்டாந்து வைப்பான், பெரிய தட்டு, நடுவுல துளியூண்டு மீனு, தொட்டுக்க வெஞ்சனம்னு எதுவும் இருக்காதாம். குடுக்குற காசுக்குப் பொறுமானம்னு பாத்தா சிங்கப்பூருதான். ஆனா மருவாதைன்னு பாத்தா வெள்ளைக்காரன். அங்க ஒரு ராத்திரி அம்புட்டுப் பேரும் கோட்டு போட்டுத்தான் சாப்பிட வரணுமாம், இல்லைன்னா வாசல்லயே நிறுத்திருவானாம். சரி, பழகிப் பாப்போம்னு என் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு இந்த வெயில்ல ஞாயித்துக்கெழமைப் பூசைக்குப் போனேன். ஆயர் இல்லத்துல இருந்து யாரோ பெரிய மனுசன் வந்திருக்கார்னு நெனச்சுக் கோயில்பிள்ளை என்னைக் கொண்டுபோய் முன் வரிசையில, பேனுக்குக் கீழ உக்கார வச்சாரு. வாழ்க்கையில மொதத் தடவை பிரசங்கம் முழுசும் கேட்டேன்.

கோட்டு என் பாடு. உன் அக்காவுக்குப் பட்டுச்சேலை போதும், சேலையை எந்தக் கப்பல்லயும் வேண்டாங்கலை. பிரச்சினை கால்ல. மூணு கப்பல்லயும் சாப்பிடுற எடத்துக்கு வெறுங்கால்ல வரக் கூடாதுன்னு போட்டிருக்கான். அதை எதுக்கும் கேட்டுருவோம்னு கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. "ஏம்மா, செருப்பு போடாம வந்தா சாப்பாடு போடுவீங்களா?" "சாரி சார், நீச்சல்குளத்துப் பக்கம் மட்டும்தான் சார் அப்படி." "குளத்துப் பக்கத்துல எலை போடுவீங்களா?" "சார், மேடத்துக்குக் கால்ல ஏதாவது ப்ராப்ளமா?" "காலுக்கு ஒண்ணும் இல்லைம்மா, தம்பிதான் ப்ராப்ளம்." அந்தப் பொண்ணு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் அப்படித்தான் சார்"னுச்சு.

ஐரின் கல்யாணத்தன்னைக்கு நடந்தது உனக்குத் தெரியாததில்ல. மாப்பிள்ளை வீட்டாரு ஆசைப்பட்டு ஆண்கள் எல்லாரும் கோட்டு சூட்டுன்னு வச்சாங்க. நீ விடியக் காத்தால மலைவாழைத் தாரை வண்டியில ஏத்தி, கட்டுன கைலியோட மண்டப வாசல்ல இறங்குன. அவுங்க ஏற்பாடு பண்ணுன மேனேஜர் பய, தாய்மாமன்னு தெரியாம, "சமையல் ஆளுங்க பின்பக்கம் போங்க"ன்னுட்டான். நீயும் பின்பக்கம் போயி, தாரை எல்லாம் பதனமா இறக்கி வச்சுட்டு, தாய்மாமன் மாலையைக் கூடப் போடாம மலை ஏறிட்ட. அக்கா வெளிய வந்து கூப்பிடலைன்னு உனக்குக் கோவம். சொல்லாமப் போய்ட்டான்னு அவளுக்குக் கோவம். அன்னைக்கே மாதா கெபி முன்னால நின்னு, "என் தம்பி என் வாசல்ல கால் வைக்கிற வரைக்கும் என் கால்ல செருப்பு ஏறாது"ன்னு வேண்டிக்கிட்டா. மூணு வருசமாச்சு மாப்ள. திண்டுக்கல் ரோடு உனக்குத் தெரியும். சித்திரை வெயில்ல கடை நெழல் பாத்துத் தாவித் தாவிப் போறா. போன மாசம் முள்ளு குத்துனது இன்னும் ஆறலை. சக்கரை வச்சுக்கிட்டு வெறுங்கால்ல நடந்தா விரலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் என்னையப் பிடிச்சு ஏசுறாரு. அவகிட்டச் சொன்னா, "என் தம்பிகிட்டச் சொல்லுங்க"ங்குறா. எனக்குப் பயமா இருக்கு. பகல்ல கப்பலு கோட்டுன்னு பேசிக்கிட்டுத் திரியுறேன், ராத்திரி அவ காலுக்கு மருந்து போடும்போது விரலை ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்குறேன்.

அதனால சிங்கப்பூர்க் கப்பல்ல பால்கனி வச்ச ரூமா ரெண்டு கேட்டு வச்சிருக்கேன், ஒண்ணு எங்களுக்கு, இன்னொண்ணு உனக்கும் தங்கச்சிக்கும். கப்பல் பிடிக்கலைன்னா வர வேண்டாம். ஆனா வீட்டுக்கு ஒரு நாளு வா. கைலியோட வா, கையில மம்பட்டியோட வா, கோவத்தோடயே வா. வாசல்ல நின்னு என்னைய நாலு வார்த்தை ஏசிட்டுத் திரும்பிப் போனாலும் சரி, படியில ஒரு கால் வச்சுட்டுப் போ.

உன் தோட்டத்தில் மழை குறையாமலும், தங்கச்சியின் முகத்தில் சிரிப்பு குறையாமலும், உன் கோபம் மட்டும் வேளைக்கு வேளை குறையவும் ஆண்டவரையும் அன்னையையும் வேண்டி,

உன் மச்சான்,
சிலுவைமுத்து

பின்குறிப்பு: மேலே எழுதினது எல்லாம் ரத்து. கவரை ஒட்டப்போற நேரத்துல உன் அக்கா பிடுங்கிப் படிச்சுட்டா. "இம்புட்டுத் தாள்ல கப்பலைப் பத்தி எழுதியிருக்கீங்களே, நான் கப்பல்ல வாரேன்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?"னு கேட்டா. யோசிச்சுப் பாத்தா, சொல்லவே இல்லை. மலை வளைவு ரெண்டு திரும்புனாலே அவளுக்குக் குமட்டுமாம், கடல்ல எப்படின்னு கேக்குறா. நாற்பது வருசமா இது எனக்குத் தெரியாது. ஏன்னா அவளை நான் எந்த மலைக்கும் கூட்டிட்டுப் போனதே இல்லை. அப்புறம் அவளே உக்காந்து அழுதுட்டு, "எப்பவும் அவன்தான் எறங்கி வந்தான், நாம ஒரு தடவையாவது ஏறிப் போயிருக்கமா?"ன்னா. வேண்டுதல் என்னாகுறதுன்னு கேட்டேன். "கால் வைக்கணும்னுதான் வேண்டுனேன், யாரு வாசல்ல யாரு வச்சா என்ன, மாதாகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க பஸ்ஸை விசாரிங்க"ன்னுட்டா. சந்தைக்கு லோடு இறக்க வந்த முனீர் வண்டி சாயங்காலம் உங்க ஊருக்குத் திரும்புது, அவர்கிட்ட இதைக் குடுத்து விடுறேன். நாளைக்குக் காலையில மொதப் பஸ்ஸுல வாரோம், பஸ் நிக்கிற எடத்துல வந்து நில்லு. குமட்டலும் கோவமுமா எறங்குவா, எறங்குனதும் உன்னை ஏசுவா, எதிர்த்துப் பேசிராத. அப்புறம் கட்டிப்பிடிச்சு அழுவா, அப்பவும் பேசாத. செத்த நேரம் அப்படியே நில்லு அப்பு.