ஐந்து காலுறைகளும் ஒரு மூக்கும்

பாரோசா,
ஏப்ரல் 29

அன்பிற்குரிய தங்கை வெர்னாவுக்கு,

அண்ணன் ரெக்ஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கிளெனிஸும் நாயும் நலமாக இருக்கிறோம். என் மூக்கு மட்டும் நலமாக இல்லை; இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். ஏப்ரல் முடியப்போகிறது, தெற்குக் கோடியில் உங்கள் ஹோபார்ட்டில் குளிர் ஆரம்பித்திருக்கும், உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. படித்து முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. உன்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது, தெரியவும் கூடாது.

போன குளிர்காலத்தில் எனக்கு வந்த காய்ச்சல், போகும்போது என் மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒயின் ஆலையில் இந்த மூக்கை வைத்தே வயிறு வளர்த்தவன் நான். இன்றைக்கும் நம் அப்பா நட்ட திராட்சைக் கொடிகளிலிருந்து என் மகன் டீன் செய்யும் ஒயின் இரண்டு பீப்பாயில் இருக்கும். அதில் எது நம் குடும்பப் பெயரோடு பாட்டிலுக்குப் போவது, எதை வெளியே தள்ளிவிடுவது என்று, அறுவடை முடிந்து எல்லோரும் கூடுகிற வாரக்கடைசியில் நான்தான் சொல்வேன். விஷயம் வெளியே தெரிந்தால் அவ்வளவுதான். நாற்காலியைப் போட்டு, முதுகுக்கு ஒரு மெத்தையை வைத்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்று உட்கார வைத்துவிடுவார்கள். எழுபத்திரண்டு வயதில் அந்த மெத்தையில் சாய நான் தயாராக இல்லை. இந்த வாரக்கடைசியை எப்படியும் சமாளித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மகனும் மருமகள் டாம்சினும் வந்தார்கள், டாம்சினின் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள், கூடவே கெல்வின் நோஸ்கியும் வந்தான். பீப்பாய் செய்வதை விட்டுப் பத்து வருஷமாகியும், பள்ளிக்கூட நாளிலிருந்து செய்துவரும் இன்னொரு தொழிலை, அதாவது என் மானத்தை வாங்குவதை, அவன் இன்னும் விடவில்லை. கை வறண்டிருக்கிறதே என்று குளியலறையில் இருந்த ஏதோ களிம்பை எடுத்துத் தேய்த்துக்கொண்டு வந்து நானே எல்லோருக்கும் மெட்வர்ஸ்ட் இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கெல்வின் மட்டும் ஏழு துண்டு தின்றுவிட்டு, "இந்த வருச மெட்வர்ஸ்ட் நெஞ்சுச் சளிக்கு நல்லா கேக்கும்டா" என்றான். வழக்கமான கிண்டல் என்று விட்டுவிட்டேன். அது கிளெனிஸ் முட்டிவலிக்குப் போடும் யூகலிப்டஸ் தைலம் என்று மறுநாள் காலையில் டப்பாவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மரத்தடியில் மேசை போட்டோம். நம் நாய் டஸ்டி அன்றைக்கென்று பார்த்து எங்கேயோ செத்துக் கிடந்த கங்காருவின் மேல் நன்றாகப் புரண்டுவிட்டு வந்து என் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கிறது. எனக்கென்ன தெரியும். எல்லோரும் நாற்காலியை ஓரடி ஈரடி தள்ளிப் போட்டுக்கொண்டதைப் பார்த்து, ருசி பார்ப்பவனுக்கு மரியாதையாக இடம் விடுகிறார்கள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து நம் குடும்ப விளையாட்டு, உனக்குத்தான் தெரியுமே. கிளெனிஸ் ஐந்து பாட்டிலுக்குப் பழைய கால்பந்துக் காலுறைகளை மாட்டிக் கொண்டுவந்து வைத்தாள். எந்தக் காலுறைக்குள் என்ன ஒயின் என்று கண்டுபிடிக்க வேண்டும். இருபது வருஷமாக ஜெயிப்பவன் நான். மூக்கு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. "விருந்தாளிங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தேன். முதல் காலுறைக்கு டாம்சின் கொஞ்சம் சத்தமாகவே "எலுமிச்சை" என்றாள், கிளெனிஸ் கிழக்கே மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எலுமிச்சை வாசனை என்றால் ரீஸ்லிங், கிழக்கு மலை என்றால் ஈடன் பள்ளத்தாக்கு. ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் என்றேன், சரி. இரண்டாவதைக் குடித்ததும் கெல்வின் சம்பந்தமே இல்லாமல், கிளேரில் வாங்கிய பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்று ஆரம்பித்தான். கிளேர் ஊர் ஒயின் என்றேன், அதுவும் சரி. மூன்றாவதற்கு டீன் வலது காதைத் தேய்த்தான். தான் செய்ததை யாராவது பாராட்டுவார்களா என்று பார்க்கும்போது சின்ன வயதிலிருந்தே அவன் செய்வது. உன் ஒயின்தானே என்றேன். நாலாவதும் அப்படித்தான் போனது. இவ்வளவு வெளிப்படையான மனிதர்களோடு சீட்டாடாமல் போனேனே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஐந்தாவதில்தான் மாட்டிக்கொண்டேன். எல்லோர் முகமும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. நான் கிண்ணத்தைச் சுழற்றினேன், மோந்தேன், இருமினேன், வேறு வழியில்லாமல் குடித்தும் பார்த்தேன். நாக்கில் தண்ணீராக ஓடி, அசட்டுத் தித்திப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. "இது மேசைக்கு வர வேண்டிய சரக்கே இல்ல" என்று குருட்டாம்போக்கில் சொல்லிவைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞாயிறு காலையில்தான் நிஜமான சோதனை. டீன் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் இரண்டு கிண்ணத்தைக் கையில் கொடுத்தான். ஒரு பீப்பாய்க்கு ஒன்று. கொடுத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

"எதுப்பா?" என்றான்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுடா, காதுல விழல."

"அதெல்லாம் விழுந்திருக்கும். நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அவன் திரும்பவே இல்லை. வெர்னா, அது அப்பாவின் கொடி. முதலாவது வாய்க்குள் ஆர்ப்பாட்டமாக வந்து சட்டென்று காணாமல் போனது. இரண்டாவது ஈறைக் கொஞ்சம் பிடித்தது, பிறகு விட்டது, விழுங்கிய பிறகும் நெடுநேரம் அங்கேயே இருந்தது. இரண்டாவது என்றேன். அவன் சரிப்பா என்றான், அவ்வளவுதான். திங்கட்கிழமை அதைப் பாட்டிலில் அடைத்தும்விட்டார்கள். எந்த முகத்தையும் பார்க்காமல், வெறும் ஊகத்தில், அப்பாவின் பெயரைப் பணயம் வைத்துவிட்டேன் என்று மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அசிங்கமாக இருக்கிறது.

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. அடுத்த வருஷமும் நான்தான் சொல்வேன். கொட்டகைச் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டப்போகிறேன். அப்புறம் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாலும் அவன் முகம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். கிளெனிஸிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், சவரம் செய்ய என்று சொல்லி.

ஆண்டவர் உன் முழங்காலையும் என் ரகசியத்தையும் ஒருசேரக் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் அண்ணன்,
ரெக்ஸ் லிண்ட்னர்

பின்குறிப்பு: வெர்னா, நான் கிளெனிஸ். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி உன் அண்ணன் கொடுத்தார். நாற்பத்தாறு வருஷத்தில் அவர் கடிதம் எதையும் நான் படிக்காமல் ஒட்டியதில்லை. போன ஆகஸ்டில் ரொட்டி கருகி வீடெல்லாம் புகையாக இருக்க, இவர் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே எங்களுக்குத் தெரியும். எந்தக் காலுறைக்கு யார் என்ன முகம் காட்டுவது என்று வெள்ளிக்கிழமையே அடுக்களையில் பேசி வைத்துக்கொண்டோம். கெல்வினுக்குப் புது பூட்ஸ் எதுவும் கிடையாது. ஐந்தாவதற்கு முகம் பேசி வைக்க மறந்துபோனது. அது பேரிக்காய் வேகவைக்க நான் வாங்கும் மலிவான அட்டைப்பெட்டி ஒயின், விளையாட்டுக்காகப் பழைய பாட்டிலில் ஊற்றி வைத்தேன். அதை இவராகத்தான் கண்டுபிடித்தார். டீன் அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவின் நாக்கே சொல்லட்டும் என்று கொட்டகையில் வேண்டுமென்றே முதுகைத் திருப்பிக்கொண்டான். அவன் முதல் பீப்பாயை அடைப்பதாக இருந்தான். அப்பா சொன்ன பிறகு இரண்டையும் திரும்பக் குடித்துப் பார்த்தவன், அடுக்களைக்கு வந்து, "அப்பா சொன்னதுதாம்மா சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். இதையெல்லாம் உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே, அப்புறம் பிடிக்க முடியாது. கண்ணாடி வாங்கித் தரமாட்டேன். டஸ்டியை மூன்று தடவை குளிப்பாட்டிவிட்டேன். இவர் முதுகுக்கென்று தைத்து வைத்திருந்த மெத்தையை அதற்கே போட்டுவிட்டேன்.