குழாய் வல்லுநரின் குருதிக்குழாய்

குழாய்ப்பணியில் வல்லவரும் என் இல்லாளின் ஒரே தம்பியுமாகிய மைத்துனருக்கு, உம் அக்காள் கணவன் வரையும் மடல். இங்கு யாவரும் நலம். அங்கு நலமா என்று கேட்பது முறை. கேட்கும் துணிவு நேற்றோடு என்னைவிட்டுப் போயிற்று.

நேற்று எம் உணவு மேசையில் உம் வலக்கையிலிருந்து குவளை நழுவியது, வாய் ஒருபுறம் கோணியது, நாக் குழறியது. சற்றைக்கெல்லாம் சரியானதும் நீர் சிரித்தீர். உம் அக்காள் அழுதாள். கொழுப்புக்கான மாத்திரை உண்கிறீரா என்றேன். திருவாய் மலர்ந்தீர்: "அதெல்லாம் நிறுத்தி ரெண்டு மாசமாச்சு மாமா. கொழுப்பு ரொம்பக் குறைஞ்சா மூளையில ரத்தம் கசியுமாம். பேப்பர்லயே போட்டிருக்கான்." சொல்லிவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்தால் வண்டியேறி ஓடிவிட்டீர். அழைப்பையும் எடுக்கவில்லை, ஆகவே இதை உம் மனைவி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என்னே உம் அறிவு! கொழுப்பு மிகக் குறைந்தவர்க்குக் குருதிக்கசிவு சற்றே மிகலாம் என ஆய்வோர் சிலர் சொல்வது மெய். உமக்கு எங்கே ஐயா குறைந்தது? ஆய்வுத்தாளில் உம் கெட்ட கொழுப்பு இருநூறைத் தொட்டு நிற்கிறது! வெள்ளம் கழுத்தைத் தொட்டபின் வறட்சிக்கு அஞ்சி நடுங்கும் மாவீரரை இன்றுதான் காண்கிறேன். பக்கவாதம் இருவகை: குழாய் வெடித்துக் குருதி கசிவது ஒன்று, குழாய் அடைத்துக் குருதி நிற்பது மற்றொன்று. பெரும்பாலோரை வீழ்த்துவது அடைப்பே. அதற்கு வழிகோலுவது உம்முள் ஊறும் அந்தக் கொழுப்பே. இதை உமக்கு நான் சொல்வதா? எம் சமையலறைக் கழிவுக்குழாய் அடைத்த அன்று, முழங்கைவரை பிசுக்கோடு நின்று, "வறுத்த எண்ணெயெல்லாம் இதுல ஊத்துனா அடைக்காம என்னக்கா செய்யும்?" என்று கடிந்தவர் யார்? ஊரார் குழாய்க்கு ஒரு நெறி, உம் தலைக்குள் ஓடும் குழாய்க்கு வேறு நெறியா? அது அடைத்தால் கழற்றி மாட்ட எந்தக் கடையில் வாங்குவீர்?

நேற்று வந்து போனது எச்சரிக்கை. அடுத்தது வந்தால் போகாது. நாளைக் காலையே மருத்துவரிடம் வாரும். ஒரு நாள் தள்ளுவதும் மனைவி மக்களுக்குச் செய்யும் இரண்டகம்.

அறிவும் நீள்வாழ்வும் ஒருங்கே பெறுக. ஒன்றுதான் கிட்டுமாயின், வாழ்வையேனும் பெறுக.

பின்குறிப்பு: உம் அக்காளின் நச்சரிப்பால் சென்ற கிழமை நானும் குருதி கொடுத்திருந்தேன். முடிவு இப்போதுதான் வந்தது. என் கெட்ட கொழுப்பு உம்மினும் பதினெட்டு மிகுதியாம். ஆய்வுக்கூடக் கருவிகளை நம்புவதற்கில்லை. நாளை எனக்குக் கூட்டமும் உண்டு. அடுத்த திங்கள் பிறந்தபின் ஆர அமரப் போவோம். பதறுதல் அறிவுடையார்க்கு அழகன்று.

இதன்கீழ் உம் அக்காள் தன் கையால் எழுதுவது: தம்பி, மாமா பேச்சைக் கேக்காதே. காலையில வண்டி சொல்லியாச்சு. இவரைப் பிடிச்சு ஏத்திட்டு நேரா உன் வாசலுக்குத்தான் வரேன். ரெண்டு பேரும் வெறும் வயித்தோட இருங்க. வாயைத் திறக்கிறது டாக்டர் சொன்னா மட்டும்.