முனி காவல் காத்த வண்டிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மனுஷனுக்கெல்லாம் ஒரு ஷிப்டு என்றால் வண்டிக்கட்டு சாமிக்கு மட்டும் மூன்று ஷிப்டு. செவ்வாய்க்கிழமை விடிந்தால் போதும். வேலை முடித்து வருகிறவனும் வேலைக்குப் போகிறவனும் மூடிக் கிடந்த ஓர் இரும்பு ஆலையின் தகரக் கொட்டகை முன்னால் பைக்கோடு வரிசையில் நிற்பார்கள். ஓட்டிக்கொண்டு வரக் கூடாது, தள்ளித்தான் வர வேண்டும். சாமி மந்திரம் போட்டு வண்டிக்குக் காவல் வைக்கும் முனிக்குப் பெட்ரோல் வாசனை ஆகாதாம். பெட்ரோல் வாசனை ஆகாத முனி, மோட்டார் சைக்கிளுக்குக் காவல் இருக்க ஒப்புக்கொண்டது பெரிய மனசுதான்.

வாசலில் பேனர். "கள்ளன் தொட்டால் வண்டி கல்லாகும்!" பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் கையில் சூலமுமாகச் சாமியின் படம்.

உள்ளே நடப்பது இதுதான். வண்டியின் டேங்கு மேல் ஒரு கறுப்புத் துணி விழும். சாமியின் சீடர் ஆதிநாராயணன், ஐம்பது வயசு, தொப்பைக்கு மேல் ஆறு ருத்திராட்சம், துணிக்கு அடியில் கையை விட்டு வண்டியின் 'உயிர்நரம்பில்' சிவப்புக் கயிறு கட்டுவார். சாமி மந்திரம் சொல்லும். பிறகு கூட்டத்தில் ஒருவனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்து, "திருடுடா!" என்று உறுமும். அவன் சாவியைத் திருகுவான். விளக்கு எரியாது. பட்டனை அமுக்கினாலும் முக்கல் முனகல்கூட இராது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடனே ஆதிநாராயணன் நரம்புக்குத் திருநீறு பூச மறுபடி கையை விடுவார். இப்போது சொந்தக்காரன் சாவி போட்டால் வண்டி சிங்கம் மாதிரி உறுமும்.

காணிக்கை ஐந்நூற்றொன்று. அந்த ஒரு ரூபாய் முனிக்கு.

நிபந்தனை இரண்டு. கட்டு நிலைத்திருக்கிறதா என்று வேறு ஆள் கையில் சாவியைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது; முனி கோபித்துக்கொள்வார். நாற்பத்தெட்டு நாள் வண்டிக்கு எந்தப் பூட்டும் போடக் கூடாது, ஹேண்டில் லாக் உட்பட, முனி அவமானப்படுவார்.

ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் தணிகைவேலுக்கு இந்த நிபந்தனைகள் ரொம்பப் பிடித்திருந்தன. கஷ்டமான நிபந்தனை இருந்தால்தானே சாமி அசல்? அவனுடைய பழைய வண்டி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் காணாமல் போய் இரண்டு மாசம். மாதர்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள அவன் ஊரிலிருந்து காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. இரண்டு தடவை தாமதமாகப் போய்விட்டான். மூன்றாவது தடவையும் தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கலாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மனைவி சுமலதாவின் காதுத் தோட்டை அடகு வைத்துப் புது வண்டி எடுத்தாயிற்று. இதுவும் போனால் வேலையும் போகும், தோடும் போகும்.

அவனோடு வேலை பார்க்கும் சாம்சன் இரண்டு வாரம் முன்னாலேயே கட்டு கட்டிக்கொண்டவன். "கர்த்தர் மன்னிச்சிடுவாரு, திருடன் மன்னிக்க மாட்டான்" என்பது அவன் வாதம். ஒன்பதாம் நாள் கேண்டீன் வாசலில் நின்ற அவன் வண்டி, கல்லாகாமல், காற்றாகிப் போனது. அழுதுகொண்டு சாமி முன்னால் போய் நின்றான்.

"செவ்வாய்க்கெழம கவிச்சி துன்னியா?" என்று கேட்டது சாமி.

"நண்டு சாமி. பழவேற்காட்டு நண்டு."

"அதான்."

பழவேற்காடு இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும்போது கும்மிடிப்பூண்டியில் நண்டு தின்னாதவனைத் தேடுவதற்குத் தனியாக ஒரு முனி வேண்டும். சாம்சன் வீடு திரும்பினான். இதையெல்லாம் கேட்ட தணிகைவேலுக்குச் சாமி மேல் சந்தேகம் வரவில்லை. நண்டை விட்டுவிட்டான்.

"இன்னாய்யா இது, லாக் போடக் கூடாதா? எவன் சொன்னான்?" என்றாள் சுமலதா.

"சாமி சொல்லிச்சு."

"திருடனைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவான்."

"வாய வெச்சிக்கினு சும்மா இரு சுமா. கண்ணால பாத்துக்கினு வந்து சொல்றேன். சாவி போட்டா லைட்டுகூட எரியல."

"லைட்டுகூடவா?" அவள் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. "அந்த சீடரு எந்த இடத்துல கைய வுடறாரு?"

"ஹேண்டிலுக்குக் கீழ, டேங்குக்கு முன்னாடி. அங்கதான் உயிர்நரம்பு கீதாம்."

சுமலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வேலை பார்ப்பது வண்டிகளுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனியில். ஒரு ஷிப்டுக்கு நானூறு வண்டிகளின் உயிர்நரம்பு அவள் கை வழியாகத்தான் போகிறது. அதற்காக இதுவரை யாரும் அவளுக்குச் சூடம் காட்டியதில்லை.

"சரி, இந்தச் செவ்வா எனக்கு லீவு. நானும் வரேன்."

தணிகைவேல் பூரித்துப் போனான். கிளம்பும் முன் அவள் வண்டிக்கு முன்னால் குந்தி ஏதோ செய்வதைப் பார்த்தபோது, பொட்டு வைக்கிறாள் என்று நினைத்து இன்னும் பூரித்தான்.

கொட்டகையில் நல்ல கூட்டம். நண்டுப் பாவத்துக்குப் பரிகாரம் கேட்கச் சாம்சனும் வந்திருந்தான். வாசலில் பூ விற்கும் பூவம்மாளுக்கு வியாபாரம் கொழித்தது. வண்டிக்கு ஒரு முழம், முனிக்கு ஒரு முழம்.

தணிகைவேலின் முறை வந்தது. கறுப்புத் துணி விழுந்தது. ஆதிநாராயணன் கை உள்ளே போனது. சாமி மந்திரத்தை ஆரம்பித்து முடித்தது. கை வெளியே வரவில்லை. சாமி மந்திரத்தை இன்னொரு தரம் சொன்னது. மூன்றாவது தரமும் சொன்னது. ஆதிநாராயணன் நெற்றியில் திருநீறு வியர்வையில் சேறானது.

"ஆச்சாப்பா?" என்றது சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நரம்பு ரொம்ப கெட்டியா கீது சாமி..."

சாமி கண்ணை மூடி முகத்தை ஆகாயத்துக்குத் தூக்கியது. "இந்த வண்டியில் தோஷம் உண்டு. அடுத்த வாரம் கொண்டு வா."

தோட்டை வைத்து வாங்கிய வண்டியில் தோஷமா? காலில் விழலாம் என்று குனிந்த தணிகைவேலைச் சுமலதா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும் சாமி. கயிறு கட்டியாச்சு, மந்திரம் மூணு தபா சொல்லியாச்சு. திருடனக் கூப்ட வேண்டியதுதானே? சாம்சண்ணே, வா, திருடு!"

சாம்சன் தயங்கித் தயங்கிச் சாவியைத் திருகினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பட்டனைத் தொட்டான். வண்டி முதல் அமுக்கலிலேயே கிளம்பியது.

கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்த கைகள் கீழே இறங்கின.

"இவன் வேற மதத்துக்காரன்!" சாமி கத்தியது. "முனி இவனை ஏத்துக்க மாட்டார்!"

"ஐந்நூத்தியோரு ரூபா டப்பு வாங்கும்போது எந்த மதம்னு கேக்கலியே சாமி?" என்றான் சாம்சன்.

சுமலதா வண்டியை நிறுத்திவிட்டுப் பூவம்மாளை இழுத்து வந்தாள். பூவம்மாள் முருகனுக்கு விரதம் இருப்பவள். அவள் விரல் பட்டபோதும் வண்டி கிளம்பியது. "ஐயோ நைனா, எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே!" என்று அலறினாள்.

சுமலதா வண்டியை மறுபடி அணைத்துவிட்டுக் கறுப்புத் துணியை உருவினாள்.

"நல்லா பாத்துக்கோங்க. சாவிலேர்ந்து வர்ற ஒயரு இந்த கப்ளர்ல வந்து சேருது. இதப் புடுங்கினா கரண்டு வராது. வண்டி கல்லுதான். திரும்பச் சொருகினா சிங்கம். சீடரு துணிக்குள்ள புடுங்கறாரு, திருநீறு பூசற சாக்குல சொருகறாரு. இன்னிக்கு ஏன் முடியல? ரெண்டு ரூபா கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டிக்கினு வந்துட்டேன். வெட்டாம கழட்ட முடியாது."

நகவெட்டியால் அந்தப் பிளாஸ்டிக் பட்டையை வெட்டினாள். பூவம்மாளின் கையைப் பிடித்துக் கப்ளரைப் பிடுங்க வைத்தாள். சாம்சன் சாவி போட்டான். வண்டி செத்துக் கிடந்தது. பூவம்மாள் சொருகினாள். வண்டி பிழைத்தது.

"அப்ப நான்கூட முனியா?" என்றாள் பூவம்மாள். "நானு பூ வித்துக்கினு வெயில்ல காயறேனே!"

"கட்டுன கயிறு இன்னா பண்ணும்?" வரிசையில் நின்ற ஒருவன் கேட்டான்.

"செவப்பா இருக்கும்" என்றாள் சுமலதா.

அப்போதுதான் ஒருவனுக்கு உறைத்தது. வெளியே வரிசையில் நாற்பது வண்டிகள். பாதிக்கு மேல் போன வாரமும் அதற்கு முந்தைய வாரமும் கட்டியவை, பிரசாதத்துக்காக வந்தவை. ஒன்றிலும் லாக் இல்லை. நாற்பது பேரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். தணிகைவேலும் தன் வண்டியிடம் ஓடி ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டினான், கொட்டகைக்கு நடுவிலேயே. சாவியை எடுத்து, சாமி பக்கம் திரும்பாமல், சுமலதா கையில் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

சாமி பின்வாசல் வழியாக நழுவியது. பின்னால் நின்ற சாமியின் சொந்த வண்டிக்கு ஒரு ஹேண்டில் லாக், முன் சக்கரத்தில் ஒரு டிஸ்க் லாக், பின் சக்கரத்தில் ஆட்டுக்கல் கனத்தில் ஒரு சங்கிலி. மூன்று சாவிகளில் எது எதற்கு என்று சாமி தேடிக்கொண்டிருந்தபோதே சாம்சன் போய்ப் பின்சீட்டில் சட்டமாக உட்கார்ந்தான்.

"இன்னா சாமி, உங்க முனிக்கு இன்னிக்கு வாரலீவா? பொறுமையாத் தொறங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே போலாம்."

சாமி ஸ்டேஷனுக்குப் போனது. சாம்சனின் வண்டி இன்னும் வரவில்லை. அன்று சாயங்காலமே டீக்கடையில் ஒருவன் ரகசியமாகக் கேட்டான், "ஆர்.கே.பேட்டையில வேற ஒரு சாமி கீதாமே, அது நெசமான சாமியா?" சுற்றி இருந்த நான்கு பேர் விலாசம் குறித்துக்கொண்டார்கள்.

திருடன் எப்போதும், யாரும் எடுக்காமல் ரொம்ப நாளாகத் தூசி படிந்து நிற்கிற வண்டியைத்தான் முதலில் பார்த்து வைப்பான். ஐயா, தலைக்குள் ஒன்று நிற்கிறதே, அதைக் கொஞ்சம் வெளியே எடுத்து ஓட்டிப் பாருங்கள்.