சத்தமில்லாமல் போட்ட பாஸ்வேர்டு

“இன்னியிலருந்து இந்த வூட்டுக்குள்ள ஒரு வைரஸ்கூட காலெடுத்து வைக்கக் கூடாது!”

வாசல்படியில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் ஏசுராஜ் இப்படி அறிவித்தார். கேட்டது நானும், என் இடுப்பில் இருந்த மகன் ஷாஜினும், கூரையை எட்டாத நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஷஹீன் பானுவும். ஷாஜின் கைதட்டினான். ஷஹீன் பானு இருமினாள். நான் வாயே திறக்கவில்லை. அப்போதெல்லாம் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சம். புருஷன் முகமும் ஆள் முகம்தானே.

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். முன்பக்கம் டி.வி. மாதிரி, பின்பக்கம் மூட்டை கட்டின மாதிரி. அதற்கு நான் லேஸ் வைத்து ஒரு உறை தைத்திருந்தேன். இப்போது அந்த உறையோடு பரண்மேல் கிடக்கிறது. பழைய சாமான்காரன் வரும்போதெல்லாம் இறக்கலாமா என்று யோசிப்பேன். மனசு வராது. பார்த்தாலே சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் என் தங்கை ஃபீபி. அவள் நர்ஸ். வேலூரில் அவளுக்குக் கல்யாணம் நடந்த அன்று நான் பிரசவ வார்டில் இருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து போனது இவர் ஒருத்தர்தான். திரும்பி வந்ததும் ஆசை ஆசையாகக் கேட்டேன்.

“ஃபீபி எப்படி இருந்தா?”

“நல்லா இருந்தா.”

“ரிசப்ஷன் புடவை இன்னா கலரு?”

“புடவை கலருதான்.”

“அப்பா அழுதாரா?”

“பிரியாணில பீஸ் ஜாஸ்தி.”

கூடப் பிறந்தவள் கல்யாணத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மொத்த விவரம் இவ்வளவுதான்.

ஃபீபி புருஷனோடு மஸ்கட் போய்விட்டாள். அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருத்தரிடம் கல்யாணப் படத்தை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். டி.வி.யில் ஓடாது, கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபீபி, ஷஹீன் பானு வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவாள். ஒரே கேள்விதான்.

“பார்த்தியாக்கா? கடைசி வரைக்கும் பாரு. கடைசியில உனக்காக ஒண்ணு பேசியிருக்கேன்.”

எங்கே பார்ப்பது? இவர் வேலை செய்யும் ஃபேக்டரி ஆபீஸில் கௌதம் என்று ஒருத்தன். அவன் போட்ட ஏதோ ஒரு சிடியால் அங்கே ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். அன்றிலிருந்து இவருக்கு சிடியைக் கண்டாலே பயம்.

“பாதுகாப்பு போட்டப்புறம்தான் வெளி சிடி உள்ள வரலாம்.”

“என் தங்கச்சி கல்யாணங்க.”

“கல்யாணம்னாலே கூட்டம். கூட்டத்துலதான் வைரஸ் ஜாஸ்தி.”

“பாதுகாப்பு எப்போ போடுவீங்க?”

“செலெக்‌ஷன் நடக்குது.”

செலெக்‌ஷன்தான் இவர் தொழிலே. தோல் ஃபேக்டரியில், பதனிட்டு முடித்த ஆட்டுத்தோலை மேஜைமேல் விரிப்பார். தடவுவார். வெளிச்சத்தில் பிடிப்பார். ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தடம் எல்லாம் பார்த்து ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று பிரிப்பார். பிரித்ததும் தோலின் சதுரடி அளவையும் சேர்த்து உரக்கக் கூப்பிடுவார்: “ஏ! நாலே முக்கால்!” பக்கத்தில் கணக்கு எழுதுகிற பெண் “ஏ, நாலே முக்கால்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். டேலி எழுதுவது என்பார்கள்.

அந்தப் பெண் நான்தான். எட்டாவதோடு நின்றவளுக்கு அந்த வேலையே பெரிசு. பக்கத்தில் தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே மிஷின் ஓடினால் ஒன்றும் காதில் விழாது. அப்போது இவர் உதட்டைப் பார்த்தே எழுதுவேன். ஒரு தப்பு வந்ததில்லை. உதட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கல்யாணத்தில் வந்து நின்றது.

ஃபேக்டரியில் என்னை “டேலி!” என்று கூப்பிடுவார். கல்யாணத்துக்கு அப்புறம் “இந்தாம்மே.” பிள்ளை பிறந்தபின் “ஷாஜின் அம்மா.” எல்லாம் பதவி உயர்வுதான்.

அந்தத் தொழில் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாய்விட்டுக் கூப்பிடாமல் இவரால் எதையும் எழுத முடியாது. கூப்பிடாதது மனசிலும் நிற்காது. மளிகைச் சீட்டு எழுத உட்கார்ந்தால் “துவரம்பருப்பு! அரை!” என்பார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஷஹீன் பானு “துவரம்பருப்பு, அரை” என்பாள்.

பாதுகாப்பு செலெக்‌ஷனுக்கு வருகிறேன். காசு கொடுத்து வாங்குவது இவர் கொள்கைக்கு ஆகாது. இலவசமாக மூன்று வந்து சேர்ந்தன. ஒன்று கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடி. ஒன்று கௌதம் கொடுத்தது. இன்னொன்று சர்ச் ஆபீஸ் நத்தானியேல் சார் கொடுத்தது.

“இது மூணும் வெளி சிடிதானேங்க?”

“இது மருந்துமே. மருந்துலருந்து நோய் வருமா?”

ஒவ்வொரு சிடியாக வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். திருப்பினார். “நடுவுல ஓட்டை...” என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“எதுங்க ஏ?”

“மூணும் ஃப்ரீ. ஃப்ரீயா வந்ததுல இன்னாத்துக்கு ரிஜெக்ட்?”

மூன்றையும் ஏற்றினார்.

ஒரு வீட்டுக்கு மூன்று வாட்ச்மேன். ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகவில்லை. முதல் ஆள் இரண்டாவது ஆளைத் திருடன் என்று பிடித்தான். இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளின் சட்டையைப் பிடித்தான். மூன்றாவது ஆள் ‘இவங்களை வெச்சுக்கட்டுமா, அனுப்பிடட்டுமா’ என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தான். கம்ப்யூட்டர் கண்ணைத் திறப்பதற்குள் நான் சோறு வடித்துக் குழம்பும் இறக்கிவிடுவேன்.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த ஆபித் பாஷாவைக் கூப்பிட்டோம். வந்தான். பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அண்ணா, பேஜார் பண்ணி வெச்சிருக்கீங்க. ஒண்ணு போதும்ணா. எதுனா ஒண்ணு. அதை மட்டும் அப்பப்போ புதுப்பிச்சிக்கினே இருங்க.”

இரண்டைத் தூக்கிப் போட்டான். போகிற போக்கில், “வேற யாரும் தொடக் கூடாதுன்னா ஒரு பாஸ்வேர்டு போட்டுக்குங்க” என்றான்.

இவர் அப்பவே உட்கார்ந்தார். ஒற்றை விரல்தான்.

“ஆர்! ஈ! ஜே! ஈ! சி! டி!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “ரிஜெக்ட். எழுதிக்கினேன் அண்ணா. அப்புறம்?”

இவர் முகம் தொங்கிப்போனது. “இரு, மாத்தறேன். இந்தத் தடவை மூச்சு சத்தம்கூட வராது.”

கீபோர்டு மேல் துண்டைப் போட்டார். துண்டுக்குள் கையை விட்டார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே மாதிரி. ஓரத்தைத் தூக்கி எழுத்தைப் பார்ப்பதும், அமுக்குவதும். சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

ஷாஜினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நான் பார்த்துவிட்டேன். ஐந்து எழுத்து. என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பிள்ளை வாயைத் திறந்தபடியே காத்திருந்தான். அது என்ன என்று இப்போதே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“பாதுகாப்பு ஆச்சே. ஃபீபி சிடி போடலாமாங்க?”

“ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வந்து போடறேன். தாராளமா பாரு.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சுக்குப் போய் வந்தோம். நான் சிடியை உறையிலிருந்து எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தேன். இவர் துண்டைப் போட்டார். கையை விட்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார். உதடு அசையவே இல்லை.

கூப்பிடாதது மனசில் நிற்காது என்றேனே.

ஆம்பூர் என்று போட்டுப் பார்த்தார். ஷாஜின் என்று போட்டார். தன் பேரைப் போட்டார், தன் அப்பா பேரைப் போட்டார். ஒன்றுக்கும் திறக்கவில்லை. பெங்களூர் போயிருந்த ஆபித் பாஷாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் போட்டார். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், வந்துதான் செய்ய முடியும் என்றான். ஷாஜின் முதல்முதலாகச் சுவரைப் பிடித்து நின்றதை, கம்ப்யூட்டர் மாட்ட வந்த அன்று ஆபித் பாஷா எடுத்து ஏற்றிய படம் அதற்குள்தான் இருந்தது. இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஷஹீன் பானு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “கெசியா, இப்போ உன் தங்கச்சி போன் வந்துடும். இந்த வாரமும் பார்க்கலைன்னா அந்தப் பொண்ணு அழுதுடும்பா. இன்னா சொல்லப் போறே?”

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

“பாஸ்வேர்டு எனக்குத் தெரியுங்க.”

“உனக்கா? எப்படி?”

“உதட்டைப் பார்த்தேன்.”

இவர் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார். ரொம்ப லேட்.

“சொல்லுமே!”

“நான் சொல்ல மாட்டேன். நீங்க கூப்புடணும், நான் எழுதணும். அதுதானே நம்ம வழக்கம்?”

“தெரிஞ்சா கூப்புட மாட்டேனா? எதுனா ஒரு க்ளூ குடு.”

“கல்யாணம் ஆனதுலருந்து உங்க வாயில வராத வார்த்தை.”

ரொம்ப நேரம் யோசித்தார். “சாரியா?”

“அதுவும் வந்ததில்லதான். ஆனா அது இல்ல.”

“தேங்க்ஸா?”

“இல்லீங்க. ஒரு பேரு.”

“யார் பேரு?”

“உங்க சம்சாரம் பேரு.”

இவர் கண் விரிந்தது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அப்புறம் மெதுவாக, சந்தேகமாகக் கேட்டார்.

“ஷாஜின் அம்மாவா?”

சுவருக்கு மேல் ஷஹீன் பானு முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

நான் கீபோர்டு மேலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபேக்டரியில் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக் காத்திருப்பேனே, அப்படிக் காத்திருந்தேன்.

இவருக்கு மெதுவாக உறைத்தது. காது சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார்.

“கெசியா.”

“கேக்கலீங்க. ஸ்ப்ரே மிஷின் ஓடுது.”

“எங்க ஓடுது?”

“ஓடுதுன்னு நெனச்சுக்குங்க.”

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். செலெக்‌ஷன் மேஜை முன்னால் நிற்பது மாதிரி நின்றார். எத்தனையோ ஆயிரம் தோலுக்குக் கூப்பிட்ட அதே குரலில், தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டார்.

“கெசியாஆஆ!”

“கெசியா” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ஐந்து எழுத்தையும் அமுக்கினேன். சம்பளப் புத்தகத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுப் பழகின எழுத்துதானே. கம்ப்யூட்டர் திறந்தது.

சிடியைப் போட்டோம். ஷஹீன் பானு சுவருக்கு மேல் எட்டியபடியே பார்த்தாள். ரிசப்ஷன் புடவை மயில் கழுத்துக் கலர். அப்பா அழுதார், கர்ச்சீப்பை மறந்துவிட்டு என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷன்தான் என்னிடம் பீஸ் ஜாஸ்தி என்றவர். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் ஃபீபி மாலையோடு கேமராவுக்கு முன்னால் வந்தாள். அதே குறும்பு.

“அக்கா, நீ வரலையேன்னு மனசே சரியில்ல. மாமா பக்கத்துல இருக்காரா? நீ அவருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தினி வருசமாச்சு. இன்னிக்காவது உன்னப் பேர் சொல்லிக் கூப்ட்டாரா?”

சுவருக்கு மேலிருந்து ஷஹீன் பானு கம்ப்யூட்டரைப் பார்த்தே பதில் சொன்னாள். “கூப்ட்டார்மா! தெருவே கேட்டுச்சு!”

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். இவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இந்தாம்மே, சவுண்டைக் கம்மி பண்ணு.”

நான் திரும்பவில்லை.

“ஷாஜின் அம்மா.”

நான் திரும்பவில்லை. ஷாஜின் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

“...கெசியா, சவுண்டைக் கம்மி பண்ணு.”

பண்ணினேன்.