சால்வை விழுந்தால் பேசுவார்

தோளுக்கும் தொண்டைக்கும் இவ்வளவு நேரான தொடர்பு கொண்ட இன்னொரு மனிதர் ஆந்திர மாநிலத்தில் பிறந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தோளில் ஒரு சால்வை விழுந்தால் போதும், அவர் பேச்சைத் தொடங்கிவிடுவார். திருமணமோ துக்கமோ, எதிரே ஆயிரம் பேரோ ஆடு மாடோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். புத்தூரிலிருந்து சித்தூர் வரை எல்லாரும் அவரைச் 'சால்வையண்ணா' என்றே அழைத்தோம்.

ஒருமுறை புத்தூர் சலூனில் முடி வெட்டுபவர் வழக்கம்போல் அவர் கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்திவிட்டார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று அண்ணா கண்ணாடியைப் பார்த்துத் தொடங்கினார்.

"அண்ணா, தலைய ஆட்டாத. கையில கத்தி கீது."

"ஜனங்க ஒக்காந்துகினு கீறாங்க. பாதியில நிறுத்தச் சொல்றியா?"

காத்திருந்தவர்கள் கைதட்டிய பிறகே வெட்ட முடிந்தது. அதன்பின் அவருக்கு மட்டும் அங்கே துணி போர்த்துவதில்லை. சட்டையெல்லாம் முடியோடுதான் வீடு திரும்புவார்.

ஆனால் அந்தப் பேச்சு வேடிக்கையாகத் தொடங்கியதன்று. சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகள் விலையைக் குறைத்த ஒரு கோடையில், எங்கள் எல்லையோர ஊர் விவசாயிகளோடு சாலையில் அமர்ந்து, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் அவர் பேசியதே முதல் பேச்சு. அதுதான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பிறகு அமைச்சராகவும் ஆக்கியது.

பின்னர் தேர்தலில் தோற்றார். கட்சி ஒதுக்கியது. அலமாரி நிறையச் சால்வைகள் மட்டும் மிஞ்சின. அதற்குமேல் அவர் செய்த தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் 'பைரவி' என்று பெயர். வசதியுள்ளவர்களுக்காக அதிகாரத்தில் உள்ளவர்களிடம் பேசிக் காரியம் முடித்துத் தரும் தொழில் அது. அவரை அமர்த்தியவர்கள் அதே கூழ் ஆலைக்காரர்கள். ரேணிகுண்டா விமான நிலையத்தில் எந்த அமைச்சர் இறங்கினாலும், தமக்கு வந்த பழைய சால்வை ஒன்றை இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்ப் போர்த்துவார். ஓர் அமைச்சருக்கு, அவரே எப்போதோ அண்ணாவுக்குப் போர்த்திய சால்வை திரும்பிப் போனது.

காரியங்கள் முடிந்தன. மாங்காய்க்கு அரசு விலை வைக்கும் பேச்சு இரண்டு கோடைகளாகத் தள்ளிப்போனது. எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் தோப்பையே வெட்டி விற்றுவிட்டார். அண்ணாவை நினைத்துச் சிரிக்கும் போதெல்லாம் அந்த வெற்று நிலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த கோடையில் ஆலைகள் கொள்முதலையே நிறுத்தின. எங்கள் ஆண்டு வருமானம் முழுவதும் தோதாபுரி மாங்காயாக, என் அப்பா நைனாவின் டிராக்டரில், ஆலை வாசல் வரிசையில் நின்றது. நைனா அண்ணாவைத் தேடிப் போனார்.

"அண்ணா, காய் வெயில்ல வெந்துகினு கீது. ஒரு வார்த்த சொல்லுண்ணா."

"நான் இப்போ அவங்க ஆளுப்பா."

"தெரிஞ்சிதான் வந்தேன்."



மறுநாள் திருப்பதி விருந்தினர் மாளிகையில் புதிய அமைச்சர் வந்து தங்கினார். ஆலைக்காரர்களுக்கு உள்ளே நாற்காலி கிடைத்தது. நைனாவும் நானும் மற்ற விவசாயிகளும் தாழ்வாரத்தில் நின்றோம். அரசு விலை வேண்டாம் என்று சொல்லவே அண்ணாவை அழைத்து வந்திருந்தார்கள். அவர் சால்வையை விரித்து அமைச்சருக்குப் போர்த்தினார்.

அமைச்சரோ ஒரு காலத்தில் அண்ணாவின் ஊர்வலங்களில் கொடி பிடித்தவர். "நீங்க இருக்கறப்போ எனக்கு எதுக்குண்ணா" என்று சால்வையைக் கழற்றி அண்ணாவின் தோளிலேயே போட்டுவிட்டார்.

"சார், அவருக்கு வேணாம் சார்" என்று ஓர் ஆலைக்காரர் பதறி எழுந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அண்ணா சரிகைக் கரையைத் தடவினார். தாழ்வாரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே."

அறையில் தாய்மார்கள் எவருமில்லை. அன்று சாலையில் அமர்ந்து பேசிய பழைய பேச்சு முழுவதையும் ஒரு வரி விடாமல் பேசினார். முடிவில் ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்தார். "ஆல வாசல்ல டிராக்டர் நிக்குது. ஈ மொய்க்குது. போய்ப் பாரு, தம்பி."

அன்று மாலையே வாசல் திறந்தது. விலை சற்றே ஏறியது, நாங்கள் கேட்ட அளவுக்கு அல்ல. எங்கள் காயில் பாதி அழுகிப்போய்ச் சாலையோரத்தில் கொட்டப்பட்டது. ஒரு பேச்சு இரண்டு கோடைகளுக்கு ஈடாகுமா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

சால்வை செய்த வேலை, வாய்ப் பழக்கம் என்று ஊர் சிரித்தது. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. ஆலைக்காரர்களின் கார் அவரை ஏற்றாமலே போய்விட்டதால், எங்களோடு பஸ்ஸில்தான் வந்தார். தோளிலிருந்து சால்வையை எடுக்கவில்லை. புத்தூர் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன்பிறகு யாரும் அவரை எதற்கும் அழைக்கவில்லை. சென்ற மாதம் புத்தூர் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தோப்பை வெட்டியவரின் பொருட்டு நைனாவுக்கு அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. பேசாமல் கடந்து போனவர், எங்கள் பஸ் புறப்படத் தயாரானபோது திரும்பி நடந்தார். தம் தோளிலிருந்த துண்டை உதறி அண்ணாவின் தோளில் போட்டார்.

அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரு" என்றார் நைனா என்னிடம். "அடுத்த பஸ்ல போவலாம்."