ஏரிக்கரையில் அணையாத மைக்

தன் குரலைப் புனல் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டவன், அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு வாழ்வது கஷ்டம். நான் இளம்வயதிலேயே கேட்டுவிட்டேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் காணாமல் போன ஒற்றைச் செருப்பைப் பற்றி அறிவிப்புச் செய்ததிலிருந்து, வானொலி நிலையம் எனக்காகவே காத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். (அந்தத் தகவல் வானொலி நிலையத்துக்குக் கடைசிவரை போய்ச் சேரவில்லை.)

1991இல் நடந்த கதை இது. ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் ஓடாத காலம். எங்கள் வேப்பந்தாங்கலுக்கும் பக்கத்து ஊரான கொளத்துமேட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி. கரை வழியாக நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் கரை முழுக்க வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்ததால் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போய்ப் பார்க்கிற அளவுக்கு இரண்டு ஊருக்கும் பாசம் கிடையாது. மதகுத் தண்ணீருக்காகப் போட்ட பழைய சண்டை ஒன்று அப்படியே நின்றிருந்தது.

அந்த வருஷம் இரண்டு ஊர் இளைஞர் மன்றமும் எப்படியோ பேசிச் சமாதானமாகி, கரைமேல் ஒரு பாதை போடுவது என்று முடிவானது. நடக்கலாம், சைக்கிள் விடலாம், போலீஸ் வேலைக்குப் போகிறவர்கள் ஓடிப் பழகலாம், சாயங்காலம் பெண்கள் காற்று வாங்கப் போகலாம். மாதக்கணக்கில் முள் வெட்டினோம், மண் சுமந்தோம், செம்மண் பரப்பிக் கெட்டிப்படுத்தினோம். ('தோம்' என்பதில் என் பங்கு பெரும்பாலும் குரல்வழி உற்சாகம்தான்.)

திறப்பு விழாவை எந்த ஊர்ப் பக்கம் வைப்பது என்று மறுபடி தகராறு. கடைசியில் பொதுவாகப் பாதையின் நடுவே, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். ஊருக்கு ஒன்றாகக் கரையின் இரண்டு கோடியிலும் பனைமரத்தில் புனல் கட்டினார்கள். மைக் என் கையில். சிறப்பு விருந்தினராக வரவேண்டிய அதிகாரியின் ஜீப்தான் வரவில்லை. ஜனங்கள் வீட்டிலேயே இருந்தார்கள், ஜீப் சத்தம் கேட்டதும் வரலாம் என்று. நானும் ஏரியில் நின்ற கொக்குகள் வரைக்கும் எல்லோரையும் வரவேற்றுவிட்டு, மைக்கின் சுவிட்சைத் தள்ளி மடியில் வைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பன் ஏழுமலை பேச்சுக் கொடுத்தான்.

"கொளத்துமேட்டு ஆளுங்க நல்லா வேலை செஞ்சாங்க இல்லடா?"

"யாரு, அவனுங்களா? மம்பட்டிய ஊனிக்கினு நிக்கறதுக்குப் பேரு வேலையா? அவங்க மன்றத் தலைவரு தங்கவேலு கீறாரே, போட்டோ புடிக்கும்போது மட்டும் கூடைய தலைல வெச்சாரு. அதுலயும் அடில வைக்கோலு, மேல ஒரு பிடி மண்ணு!"

"டேய், மெதுவா பேசுடா."

"இங்க யாரு கீறா கேக்க? நம்மாளுங்க மட்டும் இன்னா யோக்கியமா? எங்க மாமா முள்ளு வெட்ட வந்து நெழல்ல தூங்கனாரு. எங்கம்மா கேசரி பண்ணிக் குடுத்தாங்களே, அத இந்தப் பாதைல கொட்டியிருந்தா செம்மண்ணே தேவப்பட்டிருக்காது. கல்லு மாரி ஒக்காந்திருக்கும்."

புனல்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்களைப் பார்த்து இருந்தன. காற்று வேறு. அதனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடியிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஜனம் வேகமாக வருவது தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருடா ஏழுமலை, ரெண்டு ஊரும் ஒண்ணா வருது! இதுக்குத்தாண்டா பாதை போட்டோம்!"

மைக்கை எடுத்து, "அன்பார்ந்த பெருமக்களே" என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் அம்மா வருவதைப் பார்த்தேன். கையில் கரண்டி. அந்தப் பக்கம் தங்கவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மைக்செட்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யோவ், அந்த சுவிச்சு லூசுன்னு நான்தான் டேப்பு சுத்தி வெச்சேன்! இவ்ளோ நேரம் ஆன்லதான் கீது!"

பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள். மிச்சம் இருந்தது ஏரி. இறங்கினேன்.

"மைக்க குடுத்துட்டு எறங்குய்யா! அது என்னுது!" என்று அலறியபடி மைக்செட்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்தேன். பரம்பரையாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஊரும் தோளோடு தோள் உரசி நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆனால் கொளத்துமேட்டுப் பையன்கள் சிலர், வெட்டிப் போட்டிருந்த முள்ளைப் பாதைக்குக் குறுக்கே இழுத்துப் போடத் தொடங்கினார்கள். இத்தனை மாத உழைப்பும் என் ஒரு வாயால் போகப்போகிறது.

"தலைவரே, தப்புதான். என்ன அடிங்க. பாதைய மூடாதீங்க!" என்று கத்தினேன். மைக் இல்லாமல் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

திடீரென்று ஒரு பெண் குரல் குபீரென்று சிரித்தது. தங்கவேலுவின் மனைவி.

"வைக்கோலுன்னு அந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நான்தானே வெச்சுக் குடுத்தேன்!"

இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. தங்கவேலு மனைவியை முறைத்தார், என்னை முறைத்தார், அப்புறம் அவருக்கே தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே கரைச் சரிவில் இறங்கிக் கையை நீட்டினார்.

"ஏறி வாடா. உனக்கு வாய் மட்டுந்தான் கீதா, கையும் கீதான்னு பாக்கலாம்."

கலங்கலுக்குப் பக்கத்தில் பாதை கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஈரத் துணியோடு என் தலையில் ஒரு கூடை மண்ணை ஏற்றிவிட்டு, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. திறப்பு விழா நாளிலும் மண் சுமக்கிறார்களே என்று அதிகாரி நெகிழ்ந்துபோய் அரைமணி நேரம் பேசினார். யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அம்மா மட்டும் அன்றைக்குக் கேசரியை எல்லோருக்கும் கொடுத்தார், எனக்குத் தரவில்லை.

இன்றைக்கு அந்தப் பாதையில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் சைக்கிளிலும் வண்டியிலும் போகிறார்கள். சாயங்காலம் நானும் டாக்டர் சொன்னபடி நடக்கிறேன். எதிரே வரும் கொளத்துமேட்டுக்காரர்கள், "இன்னாண்ணே, மைக் ஆப்புல கீதா?" என்று கேட்காமல் தாண்டுவதில்லை.

வீட்டிலும் அதே கேள்விதான். போன மாதம் ஒருநாள், மகளின் மாமனாரோடு போனில் அன்பொழுகப் பேசி முடித்து, போனை மேஜையில் வைத்துவிட்டு, "அப்பாடா, இன்னா அறுவைடா சாமி, வாயே ஓயல அந்த ஆளுக்கு" என்றேன். மனைவி ஓடிவந்து, "மொதல்ல கட் பண்ணீங்களா பாருங்க" என்றாள்.

நான் பார்ப்பதற்குள் போனிலிருந்து பதில் வந்தது.

"இல்ல சம்மந்தி. கேட்டுகினுதான் கீறோம்."